எங்கே உரசினாலும் பற்றும் குச்சி

7

அந்தச் சனிக்கிழமை காலை, ரிச்சர்ட்ஸ் டவுனில் சுந்தரராமன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, கைவைத்த மர நாற்காலியில் சுந்தரராமன். மாநில அரசில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மலையேற்றக் குழுவின் தலைவர். அவருக்கு எதிரே இருந்த மேஜைமேல் ஒரு கறுப்புப் பிலிம் டப்பா. மூடி தனியாகக் கிடந்தது.

ஜன்னலோரம் தரையில், கோரைப்பாயில் பாலகுமார். தொம்மலூரில் ரூம் எடுத்துத் தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்ததால் கறுப்பு வேட்டி. மெத்தை வைத்த எதிலும் உட்கார மாட்டேன் என்று சொல்லிப் பாய் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வாசலுக்குப் பக்கத்தில் முக்காலியின் நுனியில் வித்யாலட்சுமி. ஒரு வார்த்தை தப்பாக வந்தால் எழுந்து போய்விடத் தயாராக இருந்தாள்.

சோபாவின் இடது கோடியில் துப்பறியும் ருக்மிணி. வலது கோடியில் அவருடைய உதவியாளர் சில்வெஸ்டர். பழைய பத்திரிகைப் போட்டோகிராபர். எந்த வீட்டுக்குப் போனாலும் பலகாரத் தட்டு எந்தப் பக்கமாக வரும் என்று கணக்குப் போட்டு உட்காருகிறவர்.

மூங்கில் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அது அலெக்சாண்டரின் இடம். அவன் வலது காலில் மாவுக்கட்டுடன் ஆஸ்டின் டவுனில் படுத்திருந்தான்.

விவகாரம் இதுதான். ஐப்பசிக் கடைசியில் பாலகுமார், வித்யாலட்சுமி, அலெக்சாண்டர் மூவரும் ராமநகரம் பக்கத்தில் ஒரு பாறை மலை ஏறினார்கள். பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. பாறை இடுக்கில் ஒதுங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோன சுள்ளியில் தீ மூட்டிக் குளிர் காய்வது என்று ஏற்பாடு. அதற்காகவே அந்த டப்பாவில் குச்சிகள் இருந்தன. சாதாரணத் தீக்குச்சி பெட்டியின் பட்டையில் உரசினால்தான் பற்றும். இவை அப்படியல்ல. பாறை, உப்புத்தாள், பூட்ஸ் அடி, எங்கே உரசினாலும் பற்றக்கூடியவை. அன்றைக்கு ஒன்றுகூடப் பற்றவில்லை. லைட்டரின் சக்கரமும் ஈரத்தில் வழுக்கியது. குளிர் தாங்காமல் மழையிலேயே இறங்கினார்கள். அலெக்சாண்டர் வழுக்கி விழுந்து கால் முறிந்தது.

குச்சிகளைத் தேடிப் பிடித்துப் பக்குவம் செய்து டப்பாவில் அடைத்தவள் வித்யாலட்சுமி. வடக்கே இமயமலையில் ஒரு பயிற்சிப் பள்ளியில், குழுவுக்கென்று ஒதுக்கிய ஒரே இடத்துக்குத் தேர்வாகி இருந்தவளும் அவள்தான். தலைவர் கையெழுத்துப் போட்டுப் பரிந்துரைத்தால்தான் அந்த இடம் நிற்கும். அவள் போகாவிட்டால் அடுத்த பெயர் பாலகுமார்.

கால் முறிந்தவனே அவளைக் குற்றம் சொல்லவில்லை. டப்பாவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அலெக்சாண்டர் தன்னுடன் தேவாலயத்தில் பாடும் சில்வெஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னான். சில்வெஸ்டர் ருக்மிணியை அழைத்து வந்தார்.

ருக்மிணி ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் தீ விபத்துப் பிரிவில் இருந்தவர். எது தானாகப் பற்றியது, எது பற்றவைக்கப்பட்டது என்று மோப்பம் பிடிப்பதுதான் வேலை. டப்பாவைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எரிஞ்சதை விசாரிச்சே என் சர்வீஸ் முடிஞ்சுது. எரியாததை விசாரிக்கிறது இதுதான் முதல் தடவை."

"நல்லதுதான் மேடம், சாம்பல் இல்லாத கேஸ். கை அழுக்காகாது" என்றார் சில்வெஸ்டர்.

சுந்தரராமன் சிரிக்கவில்லை. இன்றைக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட் கவுண்டர் ஒரு மணிக்கு மூடிவிடும் என்று நினைவுபடுத்தினார். பிறகு வித்யாலட்சுமியின் பக்கம் திரும்பி, கடையில் கிடைக்காத சரக்கு அவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். இதே கேள்வியை அவர் முன்னாலும் கேட்டிருக்கிறார் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அவள் பொறுமையாகச் சொன்னாள். சிவாஜிநகரில் மிலிட்டரி சாமான் விற்கிற கடைகள்வரை ஏறி இறங்கியிருக்கிறாள். சிவப்பு மருந்தின் உச்சியில் வெள்ளைப் பொட்டு வைத்த குச்சி என்று கேட்டால், சில கடைக்காரர்கள் சிரித்தார்கள், சிலர் சாதாரணக் குச்சியையே அதுதான் என்று நீட்டினார்கள். கடைசியில் சொந்த ஊர் குடியாத்தத்தில், தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய்மாமனிடம் கேட்டாள். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கில் அந்த வகை உண்டு. மாமா முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு கட்டு கொடுத்தார்.

"ஏற்றுமதி சரக்குல நல்லதும் இருக்கும், கழிச்சுப் போட்டதும் இருக்கும், சாமி" என்றான் பாலகுமார், கூரையைப் பார்த்துக்கொண்டு. மாலை போட்ட நாளிலிருந்து ஆண்கள் எல்லாரும் அவனுக்குச் சாமிதான்.

"எங்க மாமா கழிச்சதைக் குடுக்கிற ஆள் இல்ல" என்றாள் வித்யாலட்சுமி.

ருக்மிணி இடையில் புகுந்து, பக்குவம் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். வித்யாலட்சுமியின் குரலில் அப்போதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒவ்வொரு குச்சியின் மருந்து முனையையும் நிறமில்லாத நெயில் பாலிஷில் முக்கி எடுப்பாள். மருந்துக்குக் கீழே கொஞ்சம் மரத்தையும் சேர்த்து முக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் மரம் வழியாக ஏறிவிடும். தெர்மோகோல் துண்டில் நட்டுக் காயவிடுவாள். நன்றாகக் காய்ந்ததும் முனை மேலே இருக்கும்படி பிலிம் டப்பாவில் நெருக்கி அடுக்கி, மேலே பஞ்சை வைத்து அமுக்குவாள். டப்பாவில் குச்சிகள் ஆடினால் ஒன்றோடொன்று உரசித் தானே பற்றிக்கொள்ளும். அதனால்தான் உப்புத்தாளைக்கூட மூடிக்கு உள்ளே வைக்காமல் வெளியே ஒட்டி, மேலே டேப் போட்டிருந்தாள். மூடி இடுக்கில் தண்ணீர் புகாமலிருக்க சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம்.

"இவ்வளவு பத்திரமா எங்க வீட்ல நகையைக்கூட வச்சதில்ல" என்றார் சில்வெஸ்டர்.

அடைத்த டப்பாவைத் தலைவரிடம் ஒப்படைத்துவிடுவது குழுவின் வழக்கம். மலைக்குப் போகும் நாள்வரை எல்லாச் சாமானும் அவர் வீட்டில்தான் இருக்கும். அடைத்தவரைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. இந்த முறை மழையால் பயணம் தள்ளிக்கொண்டே போனதில், புரட்டாசியில் கொடுத்த டப்பா ஐப்பசிக் கடைசிவரை இங்கேயே இருந்தது. புறப்பட்ட காலையில் பாலகுமார் வந்து வாங்கிக்கொண்டு போனான். மலையில் அலெக்சாண்டர் திறந்தான்.

நடுவில் யாராவது திறந்தார்களா என்று சுந்தரராமன் மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டாராம். மூவரும் இல்லை என்றார்களாம்.

"மாலை போட்டவன் பொய் சொல்ல மாட்டேன்" என்றான் பாலகுமார்.

"போடறதுக்கு முன்னாடி, சாமி?" என்றார் சில்வெஸ்டர்.

பாலகுமாரின் காது சிவந்தது. ருக்மிணி அதைக் கவனிக்காதவர் போல மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மிச்சமிருந்த குச்சிகளை அதில் கொட்டினார். ஒன்றை எடுத்துச் சுவரில் உரசினார். மருந்து சுவரில் இழுபட்டு, சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. நெருப்பு வரவில்லை. அடுத்ததைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, சில்வெஸ்டரிடம் நீட்டினார்.

முனையைச் சுற்றிலும் பஞ்சு முடி, குச்சிக்குத் தாடி வளர்ந்த மாதிரி. மேலே ஒட்டியிருக்கவில்லை, பூச்சுக்குள்ளேயே புதைந்திருந்தது.

"இந்தப் பொண்ணு காய வச்சுத்தான் அடுக்கியிருக்கா. காஞ்ச பூச்சுல பஞ்சு எப்படிப் புதையும்?"

"சிமெண்ட் காயறதுக்குள்ள நாய் நடந்த மாதிரி இருக்கு மேடம்."

"காஞ்ச சிமெண்ட் மறுபடி இளகியிருக்கு. அப்புறம்தான் நாய் நடந்திருக்கு."

அதைச் சொல்லிவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்த பஞ்சை விரலால் பிடுங்கி எடுத்துத் தாளின்மேல் உதறினார். கறுப்பாக ஒன்று விழுந்து உருண்டு, மேஜை விளிம்புவரை போனது. சில்வெஸ்டர் கையைக் கொடுத்துப் பிடித்தார்.

ஒரு மிளகு.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய பார்வையும் யார்மேலும் நிலைக்கவில்லை.

"பொங்கலுக்கு ஒண்ணு குறையுது" என்றார் சில்வெஸ்டர்.

மலையில் சாப்பிடும்போது விழுந்திருக்கும் என்றான் பாலகுமார். மலைக்குக் கொண்டுபோனது ரொட்டியும் ஜாமும், அதில் மிளகு ஏது என்று கேட்டாள் வித்யாலட்சுமி. அவளே வீட்டில் அடைக்கும்போது விழுந்திருக்கலாமே என்றான் அவன். தான் தங்கியிருப்பது ஹாஸ்டலில், அங்கே அடுப்பே கிடையாது என்றாள் அவள். சுந்தரராமன் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

ருக்மிணி மிளகைத் தாளில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகிற வழியில், கூடத்து மூலையில் சுருட்டி வைத்திருந்த மலையேற்றக் கயிற்றருகே ஒரு கணம் நின்றார். கயிற்றிலும் டார்ச் லைட்டிலும் சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டுகள் காய்ந்திருந்தன. பன்னிரண்டரைக்குத் திரும்பி வருவதாகவும், அதுவரை ஒருவரும் வெளியே போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

*

ஆஸ்டின் டவுனுக்குச் சில்வெஸ்டரின் ஸ்கூட்டரில் போனார்கள். வழி நெடுக அவர் பாலகுமாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இடம் அவனுக்குத்தான் போகப்போகிறது, டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதும் அவன், காது சிவந்ததும் அவனுக்கு. இதற்குமேல் என்ன வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அலெக்சாண்டர் கட்டிலில் காலை நீட்டி, கையில் ஸ்கேலை வைத்து மாவுக்கட்டுக்குள் சொறிந்துகொண்டிருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கட்டின்மேல் பேனாவால் ஏதாவது எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பாதிப் பேரு அவளைத் திட்டி எழுதியிருக்கான், குரு. என் காலு, அவங்களுக்கு நோட்டீஸ் போர்டு" என்றான் சில்வெஸ்டரிடம். சிநேகிதர்களைக் கன்னட வழக்கப்படி 'குரு' என்றுதான் கூப்பிடுவான்.

குச்சி பற்றாதபோது வித்யாலட்சுமியின் முகம் போன போக்கைத் தான் பக்கத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னான். ஏமாற்றியவள் முகம் அப்படிப் போகாது. ருக்மிணி அந்த நம்பிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார். அதே கட்டிலிருந்து வேறு குச்சி யாரிடமாவது இருக்கிறதா?

இருந்தது. சோதித்துப் பார்க்கச் சொல்லி அவள் அன்றைக்கே கொஞ்சம் கொடுத்திருந்தாள். அதே பூச்சு, அதே தெர்மோகோலில் காய்ந்தவை. மாத்திரை பாட்டிலில் போட்டு, தன் ஸ்கூட்டரின் முன்பெட்டியில் வைத்து மறந்துவிட்டான்.

சில்வெஸ்டர் போய் எடுத்து வந்தார். ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி, காம்பவுண்டுச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தார். சீறிக்கொண்டு பற்றியது. ருக்மிணி இன்னொன்றைத் தண்ணீர்த் தம்ளரில் முழுசாக முக்கி எடுத்து, முந்தானையில் துடைத்து, வாசற்படிக் கல்லில் உரசினார். அதுவும் பற்றியது.

"ஆக, குச்சி நல்ல குச்சி, பூச்சும் நல்ல பூச்சு. கெட்டது டப்பாவுக்குள்ள வந்தது" என்றார்.

திரும்பி உள்ளே வந்து, மலையில் டப்பாவைத் திறந்தபோது என்ன பார்த்தான் என்று கேட்டார். அலெக்சாண்டர் யோசித்தான். இருட்டிக்கொண்டு வந்தது, மழை, விரல் மரத்துப் போயிருந்தது, எதையும் சரியாகப் பார்க்கவில்லை. பஞ்சைப் பிடுங்கும்போது வெள்ளையாகத் தூள் மாதிரி ஏதோ உதிர்ந்தது, அதையும் பஞ்சு என்றுதான் நினைத்தான்.

"வாசனை?"

"தைல வாசனை மேடம். குப்புனு வந்துது. ஏறும்போதே முட்டி வலிக்கு மூணு பேரும் தேய்ச்சிருந்தோம். என் கையில இருந்த தைலம்தான்னு விட்டுட்டேன்."

ருக்மிணி அந்த ஒரு பதிலுக்காகவே வந்தவர் போலக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

*

கடைத்தெருவில் பூஜைச் சாமான் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் சூடம் கேட்டார். கடைக்காரர் வில்லைகளைப் பேப்பரில் போட்டார். மடிப்பதற்கு முன்னால், பக்கத்து டப்பாவிலிருந்து கறுப்பாக இரண்டு மணிகளை எடுத்து உள்ளே எறிந்தார்.

சில்வெஸ்டர் எட்டிப் பார்த்து, ஏதோ தவறி விழுந்துவிட்டது என்று சொன்னார். கடைக்காரர் அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"மிளகு போடலேன்னா சூடம் காத்தாப் பறந்துடும் சார். எல்லா வீட்லயும் போட்டுத்தான் வைப்பாங்க."

சில்வெஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றார். ருக்மிணி பணத்தைக் கொடுத்துவிட்டு நடந்தார். பத்தடி போன பிறகுதான் சில்வெஸ்டருக்குப் பேச்சு வந்தது.

"அப்போ டப்பாவுக்குள்ள இருந்தது சூடம். மூடியைத் திறந்து போட்டு வச்சதுல அது காத்தோட போயிடுச்சு. காவலுக்கு வந்தவன் மட்டும் மாட்டிக்கிட்டான்."

அடுத்து பேன்சி ஸ்டோரில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒன்று. அதைச் சில்வெஸ்டரையே கேட்டு வாங்கச் சொன்னார். அவர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, கடைப் பெண்கள் சிரித்தது தெருவரை கேட்டது. பிறகு ஓட்டலில், ஒன்றை இரண்டு தம்ளராகப் பிரித்துத் தரும் பை-டூ காபி. காபி வருவதற்குள் ருக்மிணி அவருடைய இரண்டு கைகளையும் மேஜைமேல் வைக்கச் சொல்லி, வலது கட்டைவிரல் நகத்தில் வெறும் பாலிஷைப் பூசினார். இடது நகத்தில், சூடத்தை நசுக்கித் தூளாக்கிப் பாலிஷோடு குழைத்துப் பூசினார்.

"என் வீட்டுக்காரி பார்த்தா கேஸ் வேற கோர்ட்டுக்குப் போகும், மேடம்."

"பேசாம காபியைக் குடிங்க."

குடித்து முடித்தார். வலது நகம் காய்ந்து பளபளவென்று இருந்தது. இடது நகம் தம்ளரில் ஒட்டிக்கொண்டு, பிரித்து எடுத்ததும் நூலாக இழுத்தது.

பொம்மை கோடவுன் ஒன்று எரிந்த கேஸில் தான் இதைக் கற்றுக்கொண்டதாக ருக்மிணி சொன்னார். பிங்பாங் பந்து செய்கிற சரக்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான். நெயில் பாலிஷ் காய்ந்திருந்தாலும், காற்றுப் புகாத டப்பாவில் நாள்கணக்காகச் சூடத்தோடு கிடந்தால் இளகிவிடும். முனை களிம்பாகிவிட்டால் உரசும்போது அப்பிக்கொள்ளும், பற்றாது.

"நாள்கணக்கான்னு சொல்றீங்க" என்று ஆரம்பித்த சில்வெஸ்டர், அதை முடிக்காமல் வேறு யோசனைக்குத் தாவினார். மேடம் கவனித்தாரா, இந்தக் கும்பலில் பையிலேயே சூடம் வைத்துக்கொண்டு திரிகிறவன் ஒருத்தன்தான் என்றார். கறுப்பு வேட்டி.

*

பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தபோது, கூடத்தில் மூன்று பேரும் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தார்கள். சில்வெஸ்டர் நேராகப் பாலகுமாரின் பாய்க்கு எதிரே போய்க் குந்தினார். தோள்பையைத் திறக்க முடியுமா சாமி என்று மரியாதையாகக் கேட்டார்.

பாலகுமார் திறந்தான். விபூதிப் பை, துண்டு, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் சூடம். சூடத்துக்கு நடுவில் மூன்று மிளகு.

வித்யாலட்சுமி முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

சில்வெஸ்டர் தன் இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்திக் காட்டி, எது காய்ந்தது, எது காயவில்லை, ஏன் என்று சொல்லி முடித்தார். பாலகுமாருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. சுந்தரராமன் அவனைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

ருக்மிணி மட்டும் உட்காரவே இல்லை. மாலை எப்போது போட்டான் என்று கேட்டார். கார்த்திகை ஒன்றாம் தேதி என்றான் அவன். மலைக்குப் போனது ஐப்பசியில். அதற்கு முன்னால் ரூமில் யாராவது சூடம் ஏற்றுவார்களா?

"நாலு பேச்சிலர் இருக்கிற ரூம் மேடம். அங்கே ஏத்தினது கொசுவத்திதான்."

"டப்பா உங்க கையில இருந்தது புறப்பட்ட அன்னிக்கு மட்டும். பூச்சு இளக அது போதாது. அது நாள்கணக்கா இருந்த இடம் ஒண்ணுதான்." திரும்பினார். "சார், நீங்க எல்லாரையும் கேட்டீங்க. உங்களை யாரும் கேக்கலை. டப்பாவை நீங்க திறந்தீங்களா?"

சுந்தரராமன் உடனே வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் திறந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. அவர் பார்வை கூடத்து மூலையில் இருந்த கயிற்றின்மேல் போயிற்று, அதன் பொட்டுகள்மேல்.

"ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானையும் பூஜை அலமாரிக்கு முன்னாடி வச்சேன்" என்றார் மெதுவாக. "கயிறுக்குப் பொட்டு வச்சேன். டார்ச்சுக்கு வச்சேன். இந்த டப்பா சின்னதா இருந்தது. எங்காத்துல தீப்பெட்டியும் கற்பூரமும் எப்பவும் ஒரே டப்பாலதான் இருக்கும். எந்த மழையிலயும் ஒரு குச்சி பிசகினதில்லை. நனைஞ்சாலும் கற்பூரம் பிடிச்சுக்கும், குழந்தைகள் மலைக்குப் போறதேன்னு ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டேன்."

"உங்க வீட்டுத் தீப்பெட்டிக்கு யாரும் நெயில் பாலிஷ் போடலை சார்" என்றார் ருக்மிணி.

"அதைத் திறந்ததாவே நான் நினைக்கலை. பூஜை பண்ணினதாத்தான் நினைச்சேன்."

வித்யாலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு மாதமும் அவளுடைய மாமாவையும், ஊரையும், கையையும் சந்தேகப்பட்ட மனிதர். அவள் எதுவும் சொல்லிக் காட்டவில்லை. நேரமாகிறது, பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. ருக்மிணியின் முகம் மாறியது. இதை அவரும் எதிர்பார்க்கவில்லை.

"லெட்டர் வியாழக்கிழமையே போயாச்சும்மா" என்றார் சுந்தரராமன்.

கடைசித் தேதி நெருங்கிவிட்டதாம். இன்றைய கூட்டம் ஒரு முறைக்காக வைத்ததாம். முடிவு தெரிந்த முடிவுதானே என்று எழுதிவிட்டாராம். அஜாக்கிரதையால் விபத்து நேர்ந்தபடியால் வித்யாலட்சுமியின் பெயர் விலக்கப்படுகிறது, அந்த இடத்துக்குப் பாலகுமார். சாதாரணத் தபால். வடக்கே போய்ச் சேர ஒரு வாரம் பிடிக்கும்.

தனக்குத் தெரியவே தெரியாது என்றான் பாலகுமார். இந்தத் தடவை நம்புகிறேன் சாமி என்றார் சில்வெஸ்டர். ஆனால் அவன் அதோடு நிற்கவில்லை. போன கடிதம் போய்விட்டது, மூன்று நாளில் பெயரை மாற்றி இன்னொன்று எழுதினால் குழுவையே ஒரு மாதிரி பார்ப்பார்கள், அடுத்த வருஷம் அவளுக்கே முதல் இடம் கொடுக்கலாம் என்று நிதானமாக விளக்கினான். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அவன் விரல்கள் மாலையை உருட்டிக்கொண்டே இருந்தன.

அப்படிச் செய்யலாமா என்று கேட்பதுபோல சுந்தரராமன் வித்யாலட்சுமியைப் பார்த்தார்.

"என் பேரைத் திருப்பி எழுதுங்க சார். ஸ்பீட் போஸ்ட்ல போனா முந்திடும். ஏன் மாத்தினீங்கன்னும் எழுதுங்க. காரணம் இல்லாம எழுதினா, நான் அழுது கேட்டு வாங்கினேன்னுதான் நினைப்பாங்க."

சுந்தரராமன் பேனாவை எடுத்தார். அந்தப் பயிற்சிப் பள்ளி இத்தனை வருஷமும் இவர் கையெழுத்தை நம்பி ஆளை எடுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு விசாரணை இல்லை, சான்று இல்லை, கையெழுத்து ஒன்றுதான். சூழ்நிலைகள் மறுபரிசீலனை செய்யப்பட்டதில் என்று ஆரம்பித்து நாலு வரி எழுதி, அவளிடம் நீட்டினார். அவள் படித்தாள்.

"இதுல நீங்க எங்கே இருக்கீங்க சார்?"

அவர் அந்தத் தாளைக் கிழித்தார். புதிய தாளில், குனிந்த தலை நிமிராமல் எழுதினார். பேனா நடுவில் ஒரே ஒரு இடத்தில் நின்றது, பிறகு ஓடியது. முடித்ததும் உரக்கப் படித்தார். வித்யாலட்சுமி அடைத்துக் கொடுத்த டப்பாவைத் தான் திறந்ததாகவும், அதில் கற்பூரம் போட்டது தானே என்றும், அதைச் சொல்லாமல் பழியை அவள்மேல் எழுதியதும் தானே என்றும் அதில் இருந்தது. 'கற்பூரம்' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒட்டுங்க சார்" என்றாள் வித்யாலட்சுமி.

கோந்து தடவி உறையை ஒட்டினார். அனுப்புநர் முகவரிக்கு எப்போதும் ரப்பர் ஸ்டாம்பு குத்துவார், தலைவர் என்று அதில் இருக்கும். கை வழக்கம்போல ஸ்டாம்பு இருந்த இழுப்பறைக்குப் போயிற்று. திறக்கவில்லை. பேனாவால் பேரையும் கதவு எண்ணையும் மட்டும் எழுதினார்.

மணி ஒன்றாகச் சொற்ப நிமிஷமே இருந்தது. வித்யாலட்சுமி சில்வெஸ்டரின் ஸ்கூட்டர் பின்னால் ஏறிக்கொண்டாள். தபால் ஆபீஸில் குமாஸ்தா கவுண்டர் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். 'ஆய்து, சோமவார பன்னி' என்று கன்னடத்தில் சொன்னார், ஆயிற்று, திங்கட்கிழமை வாருங்கள் என்று. அவள் உறையைப் பலகைக்கு அடியில் நீட்டியபடியே நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார், பலகையை மறுபடி தூக்கினார்.

எடை போட்டார். தபால்தலை ஒட்டினார். முத்திரையை ஓங்கிக் குத்தினார். முந்திவிடுமா என்று சில்வெஸ்டர் கேட்டதற்கு, நாளைக் காலை விமானத்தில் ஏறும் என்பது மட்டும்தான் தனக்குத் தெரியும் என்றார். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு உறையைத் திறந்திருந்த கான்வாஸ் பைக்குள் போட்டார்.

பையின் வாயைச் சணல் கயிற்றால் கட்டி, வெளியே நின்ற சிவப்பு வேனில் ஏற்றினார்கள். வேன் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை வித்யாலட்சுமி படியை விட்டு இறங்கவில்லை.